மஞ்சள் பூசுன கல்லு

மஞ்சத்தண்ணித் தோட்டம்,
கீழ் டிவிசன்,
அக்கரப்பத்தனை.
03.08.2003, ஞாயிறு

தம்பி யோகேஸ்வரனுக்கு,

அண்ணி நாகலெட்சுமி எழுதிக்கொள்வது. நீ சுகமா இருப்பேன்னு தெரியும், அதனால கேக்கல. கொழும்புக்குப் போயி ரெண்டு மாசமா எங்க சுகத்தக் கேட்டு நீ எழுதல, அதனால நானும் சொல்லல.

உங்க அண்ணன் ரிமாண்டுல இன்னையோட பதினெட்டு நாள். இது உனக்குத் தெரியாத சங்கதி இல்ல. தெரிஞ்சிருந்தும் ஒரு வரி எழுதாம இருக்கியே, அதனாலதான் எல்லாத்துக்கும் முன்னால அத எழுதிட்டேன்.

இந்தக் கடுதாசி எழுதுறது அவருக்குத் தெரியாது. போன வியாழக்கெழம நுவரெலியாக் கோட்டுல இருந்து அவரத் திரும்ப ஜெயிலு பஸ்ஸுல ஏத்துறப்ப பக்கத்துல போய் நின்னேன். அப்பதான் நம்ம லோயர் வெளிய வந்து, ஆத்துல பொன் தேடுற உன் கம்பெனி குடுத்த முறைப்பாட்டுக்குக் கீழ சாட்சியா கையெழுத்து வச்சிருக்கிறது யோகேஸ்வரன்னு ஒருத்தன், அவன் யாருன்னு கேட்டுட்டுப் போயிருந்தாரு. நான் வாயத் தெறக்குறதுக்குள்ள உங்க அண்ணன் வெலங்கு மாட்டுன கைய ஆட்டி, தம்பிய இதுல இழுக்காத புள்ள, அவனுக்கு இப்பதான் ஒரு நல்ல வேல கெடச்சிருக்குன்னு சொன்னாரு. அந்த மனுசன் மேல எனக்கு ஆத்தரம் ஆத்தரமா வந்துச்சு. உன்மேல வந்தது ஆத்தரம் இல்லடா. நல்ல சோறுன்னு நெனச்சு கைய வச்சு, அதுல புழு நெளிஞ்சா ஒடம்பு கூசும் பாரு, அது. மூணு நாளா அந்தக் கூச்சம் போகல. ரொட்டி தட்டுறப்பவும் அதே நெனப்புதான்.

அந்தப் பேப்பருல என்ன இருக்குன்னு நம்ம பள்ளிக்கூடத்துச் செல்வரத்தினம் மாஸ்டர் எனக்கு வாசிச்சுச் சொன்னாரு. யாழ்ப்பாணத்து மனுசன், சிங்களமும் இங்கிலீசும் நல்லா தெரிஞ்சவரு, அதனால தப்பா வாசிச்சிருப்பாருன்னு நீ சொல்ல முடியாது. ஜூலை பதினாறாந்தேதி பழனியாண்டிங்கிறவன், உங்க அண்ணனத்தான் அப்படி எழுதியிருக்க, கம்பெனிக்கு அனுமதி குடுத்த எல்லைக்குள்ள நொழஞ்சு, பொன் அரிச்சான். நட்டு வச்சிருந்த செவப்புக் கம்பு ரெண்ட புடுங்கி ஆத்துல போட்டான். அத நான் என் கண்ணால பாத்தேன். கீழ உன் பேரு. உன் கையெழுத்து.

என் கண்ணால பாத்தேனாம். த்தூ. பதினாறாந்தேதி நீ எங்கடா இருந்த? ஜூன் மாசமே உன்னையக் கொழும்பு ஆபீசுக்குக் கூப்புட்டுக்கிட்டாங்கன்னு பெட்டியோட போனவன் நீ. வெள்ளவத்தையில உக்காந்துக்கிட்டு மஞ்சத்தண்ணி ஆத்த எந்தக் கண்ணால பாத்த?

நடந்தத நான் சொல்றேன். பத்தாந்தேதி ராத்திரி பெய்ஞ்ச மழையில ஆறு பெருகி பாலத்துத் தூணுவரைக்கும் வந்துச்சு. பதினொண்ணும் பதினாலும் நம்பர் போட்ட கம்ப வெள்ளம் கொண்டுபோச்சு. அத நம்ம லயத்து வீட்டுக்காரங்க எல்லாரும் பாத்தோம், கம்பெனிக் காவக்காரனும் பாத்தான். பதினாறாந்தேதி உங்க அண்ணன் தேயில கவ்வாத்து வெட்டுற மலையில இருந்து எறங்கி, கத்திய வீட்டுல வச்சிட்டு, மண்ணு அலசுற பழைய தாச்சியத் தூக்கிக்கிட்டு நம்ம எடத்துக்குப் போனாரு. போவாதீங்கன்னு சொன்னேன். வெள்ளம் வத்துன பொறகு புது மண்ணு ஒதுங்கியிருக்கும், ஒரு தரம் அலசிப் பாத்துட்டு வந்துர்றேன்னு போனாரு. மூணு தாச்சி கூட அலசல. பொலிசு ஜீப்பு வந்து, தாச்சியோட சேத்து ஏத்திக்கிட்டுப் போயிருச்சு. அவரு அரிச்சது உண்மை, அத யாரும் இல்லேங்கல. கம்பப் புடுங்குனாருங்கிறது பொய். லோயர் சொல்றாரு, அரிச்சதுக்கு மட்டும்னா தண்டம் கட்டிட்டு வெளிய வந்துரலாமாம். கம்பெனி சாமான நாசம் பண்ணுனாருங்கிறதுதான் உள்ள வச்சிருக்காம்.

இந்தக் கல்லு விசயம் உனக்குத் தெரியாததில்ல. ஆனா மறந்துபோன மாதிரி நடக்குறதால ஞாபகப்படுத்துறேன். ஆத்து வளைவுல ஒரு எடம் வாச்சா, ஒரு வெள்ளிக்கெழம அங்க ஒரு தட்டக் கல்ல நிமித்தி நட்டு, மஞ்சள் பூசி, குங்குமம் வச்சு, அதுக்குப் பொறகுதான் மண்ணத் தொடுவோம். கல்லு நின்னா அந்த எடத்துல ஒரு வீடு அரிக்குதுன்னு அர்த்தம், வேற யாரும் கை வைக்க மாட்டாங்க. மண்ணுல ஒண்ணுமில்லன்னு ஆனா கல்லப் படுக்க வச்சிட்டு வந்துருவோம். ஒரு சண்ட வந்ததில்ல, ஒரு கங்காணி வந்து பஞ்சாயத்துப் பண்ணுனதில்ல. அந்தப் பக்கத்துச் சிங்கள ஊராளுங்க கூட கல்லப் பாத்தா ஒதுங்கிப் போவாங்க. வெளியாளுக்கு அது ஏதோ சின்னச் சாமி. நமக்குத்தான் அது என்னன்னு தெரியும்.

மாசியில உன் கம்பெனி வந்து பந்து வெளையாடுற எடத்துல கூடாரம் போட்டுச்சு. அவங்களுக்குத் தமிழ் பேசிச் சொல்றதுக்கு நம்ம யோகு வந்திருக்கான்னு லயமே கூடிருச்சு. சப்பாத்தும் தொப்பியுமா நீ ஜீப்புல இருந்து எறங்குனப்ப எனக்கு நெஞ்சு நெறஞ்சு போச்சுடா. முட்டையிடுற கோழியப் புடிச்சு அறுத்தேன். உன் கம்பெனியில பொன் தேடுற பெரியவரு, ஆராச்சித் தொர, ரெண்டு கெழமையா ஆத்துல மேலயும் கீழயும் நடந்தாரு. கல்லப் பாத்ததும் சப்பாத்தக் கழட்டிட்டு சுத்திப் போவாரு. நல்ல மனுசன், சாமிய மதிக்கிறாருன்னு நாங்க பேசிக்கிட்டோம். ரெண்டு கெழமையா அவருக்கு ஒரு மண்ணும் அம்புடல.

அதுக்குப் பொறகு ஒரு வெள்ளிக்கெழம நீ வீட்டுக்கு வந்த. நான் குடுத்த தேத்தண்ணியக் குடிச்சிக்கிட்டு உங்க அண்ணன்கிட்ட சொன்ன: எல்லா வீட்டுக்கும் பெர்மிட்டு குடுக்கப் போறாங்க, அதுக்கு எடங்கள எண்ணப் போறாங்க, அவங்கவங்க கல்லுக்குப் புதுசா மஞ்சள் பூசி வைக்கச் சொல்லுண்ணே, அப்பதான் ஒண்ணும் விடுபடாதுன்னு. நான் அடுப்புகிட்ட நின்னு கேட்டுக்கிட்டுதான் இருந்தேன்.

அந்த மனுசன் அன்னைக்கு லயம் லயமா ஓடுனாரு. அழகன் கடையில மஞ்சத்தூளு தீந்துபோச்சு. மழையில கழுவுப்பட்டு நெறமே தெரியாம கெடந்த கல்லெல்லாம் மறுநா காலையில பளிச்சுன்னு நின்னுச்சு. இருவத்தி மூணு கல்லு. உன் தொர சப்பாத்தக் கழட்டல. கையில டெலிபோன் மாதிரி ஒரு சாமானத்த வச்சு எடத்தக் குறிச்சுக்கிட்டே கல்லுக்குக் கல்லு நேரா நடந்து போனாரு. பின்னால நீ, செவப்புக் கம்பு நட்டுக்கிட்டே.

நல்லமுத்து அக்கா உன்கிட்ட கேட்டுச்சே, ஞாபகமிருக்கா? தம்பி, இந்தக் கம்புல இருக்கிற நம்பருதான் என் பெர்மிட்டு நம்பரான்னு. நீ ஆமாக்கான்னு சொன்ன. படிக்காத பொம்பள, மறந்துரும்னு பேத்திய விட்டு அடுப்புக்கரியால செவுத்துல பதினொண்ணுன்னு எழுத வச்சிச்சு. இன்னும் அது செவுத்துலதான் இருக்கு. நான் அந்த வீட்டுக்குப் போனா அந்தப் பக்கம் திரும்புறதே இல்ல.

சித்திரையில நோட்டீசு ஒட்டுனாங்க. பாலத்துல இருந்து அருவி வரைக்கும் ரெண்டு வருசத்துக்குக் கம்பெனிக்காம், வேற யாரும் ஒரு கை மண்ணு அள்ளக்கூடாதாம். மாஸ்டர்கிட்ட போய், அப்ப எல்லாப் பொன்னும் அவங்களுக்கான்னு கேட்டேன். இல்லைப் பிள்ளை, இது தேடிப் பாக்கிறதுக்கு மட்டுந்தான், எடுக்கிறதுக்கு இல்லைன்னு சொன்னாரு. அப்ப தேடுறதுக்கு இவங்களுக்குப் பெர்மிட்டு, எடுக்கிறதுக்கு யாருக்குமே இல்லயான்னு கேட்டேன். அவரு கண்ணாடியக் கழட்டித் தொடச்சாரு. அன்னையில இருந்து வாரம் ரெண்டு லொறி மூட்ட மூட்டயா மண்ணு ஏத்திக்கிட்டுப் போகுது. கேட்டா சாம்பிளாம். பரிசோதனைக்காம். உங்க அண்ணன் மூணு தாச்சி அலசுனா களவு, லொறியில போனா பரிசோதன. இத எழுதுறப்பவே எனக்கு வாயெல்லாம் கசக்குது.

தொண்ணூத்தெட்டுல நாங்களும் முறையா பெர்மிட்டு கேட்டோமே, அதையாவது நெனச்சியா? மாஸ்டர்தான் விண்ணப்பப் பாரம் நெரப்பிக் குடுத்தாரு. காணி யாருடையதுங்கிற எடத்துல எழுத எங்களுக்கு ஒண்ணுமில்ல, தோட்டத்துக் காணி. தோட்டத்துத் தொர சம்மதக் கடுதாசி குடுத்தா போதும்னாங்க. எட்டு மாசம் ஆபீசு வாசல்ல நின்னோம். மழையில நின்னோம், காலையில பேரு குடுக்குற பெரட்டுக்கு லேட்டாகி அரப்பேரு போட்டு அரை நாள் சம்பளத்த வெட்டுனாங்க, அதுக்கும் நின்னோம். தொர கையெழுத்துப் போடல. அதே தொர கம்பெனிக்கு ஒரே நாள்ல போட்டுக் குடுத்துட்டாரு. தொழிற்சங்கத் தலைவரு வந்தாரு, தொர பங்களாவுல சாப்புட்டாரு, தொழில் வளர்ச்சின்னு என்னமோ பேசிட்டு ஏப்பம் விட்டுக்கிட்டு போயிட்டாரு. எல்லாம் ஒரே கூட்டம்.

இங்க தண்ணி நாறுது. உன் கூடாரத்துக்காரங்க கக்கூசு வெட்டுனது நம்ம குடிக்கத் தண்ணி புடிக்கிற பீலிக்கு மேல. சொன்னோம், சிரிச்சாங்க. மண்ண நோண்டுற மெசின்ல இருந்து எண்ண ஒழுகி, கொடத்துல புடிச்சா மேல வானவில்லு மாதிரி மெதக்குது. வெட்டுன குழியெல்லாம் மூடல, அதுல தேங்குன தண்ணியில தவள செத்து ஊதிக் கெடக்கு. நீ சின்னதுல முங்கிக் குளிச்ச மடுவுல இப்ப அவங்க குப்பைய கொட்டுறாங்க.

கை வலிக்குது. மிச்சத்த பொறகு எழுதுறேன்.

06.08.2003, புதன்

சுதர்ஷினி டிசம்பர்ல ஓ.எல். பரீட்ச எழுதுறா. கணக்கு டியூசனுக்குப் போகலன்னு நின்னுட்டா. கேட்டா, படிச்சு என்னத்துக்கும்மா, சித்தப்பா மாதிரி ஆகுறதுக்கான்னு கேக்குறா. உன் பட்டமளிப்பு போட்டோவ செவுத்துப் பக்கம் திருப்பி மாட்டி வச்சிருந்தா. நான் திட்டி நேரா மாட்டுனேன். மறுபடியும் திருப்பியிருக்கா. இந்தத் தரம் நான் அப்படியே விட்டுட்டேன்.

நான் இந்த லயத்துக்கு வாழ வந்தப்ப உனக்கு எட்டு வயசு, அம்மா இல்லாத புள்ள. என் தட்டுல இருந்துதான் தின்ன. அத நான் சொல்லிக் காட்டல. உன் சப்பாத்து, ஹட்டன்ல நீ தங்கிப் படிச்ச போர்டிங்கு, யுனிவர்சிட்டிக்கு எடுத்துட்டுப் போன தகரப்பெட்டி, எல்லாம் எங்க சம்பளத்துலயா வந்துச்சு? கோழி எறகு நுனியால ஒட்டி எடுத்து தைலப் போத்தல்ல சேத்த பொன்னுப் பொடி அது. ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம இடுப்பளவு தண்ணியில நின்னு. நீ ஏ.எல். பாஸானதுக்கு அந்தப் பொடிய உருக்கித்தான் ஒரு மோதிரம் செஞ்சு போட்டோம். அந்தப் பேப்பருல கையெழுத்து வச்சப்ப அது உன் விரல்ல இருந்துச்சா, கழட்டி வச்சிருந்தியா? இத நெசமாவே தெரிஞ்சுக்க ஆசப்படுறேன்.

இன்னொண்ணு. மஞ்சள் பூசச் சொன்னது நீன்னு உங்க அண்ணன் பொலிசுல சொல்லல. லோயர்கிட்டயும் சொல்லல. எடத்தக் காட்டிக் குடுத்தது யாருன்னு லயத்துல எல்லாரும் அவர ஏசுறாங்க, ஏன்னா லயம் லயமா ஓடிச் சொன்னது அவருதானே. நோட்டீசு ஒட்டுன அன்னைக்கே கந்தப்பன் கங்காணி மூஞ்சிக்கு நேரா துப்பாத கொறையா பேசுனாரு. அதையும் உங்க அண்ணன் வாங்கிக்கிட்டு நின்னாரு. பெர்மிட்டு வரும்னு தம்பிக்கும் அப்படித்தான் சொல்லியிருப்பாங்க, அவனும் ஏமாந்திருப்பான், புள்ளன்னு என்கிட்ட சொன்னாரு. நீ ஏமாந்து சொன்னியா, தெரிஞ்சு சொன்னியா, எனக்குத் தெரியாது. ஏமாந்திருந்தா அத நான் மன்னிச்சிருவேன், நாங்களும்தானே ஏமாந்தோம். ஆனா கம்பப் புடுங்குனத என் கண்ணால பாத்தேன்னு எழுதிக் குடுத்தது ஏமாந்து செய்யிற காரியமில்ல.

முந்தாநா திங்கக்கெழம வேல விட்டதும் பொம்பளைங்க எல்லாருமா ஆத்துக்குப் போனோம். நான்தான் கூப்புட்டேன். அரிக்க முடியாத எடத்துல கல்லு நிமிந்து நிக்கக்கூடாது, அது பொய்யில்லையா. வீடு அரிக்குதுன்னு கல்லு சொல்லுது, வீட்டுக்காரன் உள்ள கெடக்கான். காவக்காரன் தடுப்பான்னு நெனச்சோம். மஞ்சளையும் தண்ணிச் செம்பையும் பாத்துட்டு ஏதோ பூசைன்னு தொப்பியக் கழட்டிட்டு ஓரமா நின்னான். ஒண்ணொண்ணாப் படுக்க வச்சோம். நல்லமுத்து அக்கா தன் கல்லப் படுக்க வச்சிட்டு அதும்மேல தலைய வச்சு அழுதுச்சு. எனக்கு அழுக வரல. நம்ம வீட்டுக் கல்ல நானே சாச்சேன். கனமாத்தான் இருந்துச்சு.

இருவத்தி ரெண்டு கல்லு படுத்திருச்சு.

ஒண்ணு நிக்குது. ஜம்பு மரத்துக்குக் கீழ இருக்கிறது. உனக்குப் பதினெட்டு வயசானப்ப, தம்பிக்கும் ஒரு எடம் வேணும்னு சொல்லி உங்க அண்ணன் உன் பேருக்கு நட்டது. நீ ஒரு நாளும் அங்க தாச்சி எடுத்துக்கிட்டுப் போனதில்ல. ஆனா அத்தன வருசமா அதுல வேற யாரும் கை வைக்கல, படிக்கிற புள்ளையோட எடம்னு விட்டு வச்சிருந்தாங்க. பொம்பளைங்க அதையும் சாய்க்கத்தான் போனாங்க. மத்தக் கல்லவிட இதுல அவங்களுக்குக் கை பரபரத்துச்சு. நான்தான் முன்னால போய் நின்னுக்கிட்டு, ரெண்டு கெழம பொறுங்கடின்னு சொன்னேன். எதுக்குன்னு கேட்டாங்க. நான் செம்பத் தூக்கிக்கிட்டு நடந்துட்டேன்.

பதினாலாந்தேதி வியாழக்கெழம வழக்கு. போன தவணைக்கு சாட்சிக்காரன் வரலன்னுதான் தள்ளி வச்சாங்க, இந்தத் தரமும் வரலன்னா இன்னும் ரெண்டு கெழம அவரு உள்ள கெடக்கணும். வந்து, பேப்பருல எழுதியிருக்கிறத அப்படியே சொன்னாலும் உன் வேல நெலைக்கும், உங்க அண்ணன் உன்னையப் பாத்து ஒரு வார்த்த கேக்க மாட்டாரு. அது எனக்கு நல்லாவே தெரியும், உனக்கும் தெரியும். அந்தத் தைரியத்துலதான் கையெழுத்து வச்சிருப்ப. நான் அங்க இல்ல, பாக்கல, நீட்டுன எடத்துல கையெழுத்து வச்சேன்னு ஒரு வார்த்த சொன்னா வேல போயிரும். போகட்டுமே. இங்க திங்கிற சோத்துக்கு இன்னும் பஞ்சம் வரல.

காலையில எட்டரைக்கெல்லாம் கோட்டு வாசல்ல நிப்பேன். ராத்திரி ரயிலப் புடிச்சா நானுஓயாவுல எறங்கி நேரத்துக்கு வந்துரலாம். ரயில்ல குளுரும், கம்பளி இல்லாம ஏறாத. மொளகாயில கட்டச் சம்பல் அரைச்சு, ரொட்டியும் சுட்டு எடுத்துட்டு வருவேன். அவருக்குக் குடுக்க விடுவாங்களோ என்னமோ, உனக்கும் சேத்துத்தான் சுடுவேன்.

நீ எங்க இருந்தாலும் நோய் நொடி இல்லாம இரு. அன்னைக்குச் சாயங்காலம் வீட்டுக்குத் திரும்பற வழியில நான் எப்படியும் ஜம்பு மரத்துக்குப் போவேன். ஒரு கையில மஞ்சள் கொண்டு போறதா, வெறுங்கையோட போய் அதையும் படுக்க வைக்கிறதான்னு நீ வந்து சொல்லு.

இப்படிக்கு,
உன்னையத் தூக்கி வளத்த
அண்ணி நாகலெட்சுமி